சின்ன கியர் ராடின் வரலாறு

பி.காம். படிக்கிறவனுக்கு ஜீப்பின் கியர் ராடு பற்றி என்ன பேச்சு என்று வகுப்பு நண்பர்கள் கேட்பார்கள். காரணம் மாங்காய்தான் :-)

எங்கள் பெரியப்பாவுக்குப் பள்ளிப்பட்டு தாண்டி, ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் மாந்தோப்பு இருக்கிறது. எல்லாம் கிளிமூக்கு மாங்காய். அந்தப் பக்கத்தில் தோத்தாபுரி என்பார்கள். சாப்பிடுவதைவிடக் கூழ் தொழிற்சாலைக்குப் போவதுதான் அதிகம். தோப்புக்குப் போகிற வழி கரிசலும் செம்மண்ணும் கலந்த வண்டித்தடம். மழை பெய்தால் அவ்வளவுதான். அதற்காகவே நாலு வருடத்துக்கு முன்னால் பழைய பிக்கப் ஒன்றை வாங்கினார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, அதாவது ஃபோர் வீல் டிரைவ். பெரிய கியர் ராடுக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொரு கியர் ராடு. "இது ஒண்ணு இருந்தா போதும்டா, எந்தச் சேத்துலயும் ஏறிடும்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவார்.

போன ஜூன் மாதம் அந்த நாள் வந்தது. சாயங்காலம் திடீரென்று கோடை மழை. கிரேட் கிரேட்டாக மாங்காய் ஏற்றியாகிவிட்டது. தடத்தில் நூறு அடி வருவதற்குள் பின் சக்கரம் இரண்டும் புதைந்துவிட்டது. பெரியப்பா பெருமையோடு குட்டி ராடைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. நானும் சேர்ந்து இழுத்தேன். கடைசியில் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு உள்ளே போனது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பின் சக்கரம்தான் சேற்றை வாரி இறைக்கிறது. முன் சக்கரம் கோயில் கருங்கல் மாதிரி அசையாமல் நிற்கிறது.

டிராக்டர் வந்து இழுத்துவிட ராத்திரி ஒன்பதாகிவிட்டது. டிராக்டருக்கு 1500 ரூபாய். அது பரவாயில்லை. மறுநாள் லோடு போய்ச் சேர்ந்தபோது தொழிற்சாலை வாசலில் வரிசை அரை கிலோமீட்டர். எங்கள் முறை வருவதற்குள் விலையும் இறங்கிவிட்டது. அந்த ஒரு லோடில் போன பணத்தை எழுதினால் பெரியப்பா என்னை வீட்டுக்குள் விடமாட்டார்.

அடுத்த வாரம் வண்டியைத் திருத்தணியில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். எழுபது வயதிருக்கும், வாழ்க்கை முழுக்க ஜீப் பிரித்தவர். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கடசியா இத்த எப்பபா போட்ட?"

"வாங்குனதுலேருந்து போடவேயில்லண்ணே. தேவைப்படல."

"அதான் செத்துப்போச்சி."

கணக்குப் பதிவியலில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. பொருளை உபயோகிக்க உபயோகிக்க அதன் மதிப்பு குறையும், வருடா வருடம் அதை எழுதித் தள்ள வேண்டும் என்று படிக்கிறோம். இங்கே உபயோகிக்காததால் ஒரு பொருள் செத்திருக்கிறது. அது எப்படி என்று தேடப் போய்த்தான் இந்தப் பதிவு இவ்வளவு நீளமாகிவிட்டது.

நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் யோசனை ரொம்பப் பழையது. ஹாலந்து நாட்டு ஸ்பைக்கர் நிறுவனம் 1903-லேயே அப்படி ஒரு பந்தயக் காரைச் செய்துவிட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிளின்டன்வில் என்ற சிற்றூரில் ஓட்டோ ஸாக்கோவ், வில்லியம் பெஸர்டிச் என்ற இரண்டு மெக்கானிக்குகள் 1908 வாக்கில் ஒன்று செய்தார்கள். அதிலிருந்து வந்த லாரிகள் முதல் உலகப் போரில் ஓடின. ஆனால் நம் பெரியப்பா வண்டியின் நேரடித் தாத்தா ஜீப்தான்.

1940 கோடையில் அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களுக்குக் கடிதம் போட்டது. சின்ன வண்டி வேண்டும், நாலு சக்கரமும் இழுக்க வேண்டும், மாதிரி வண்டி 49 நாளில் வர வேண்டும். இது நடக்கிற காரியமா என்று பெரும்பாலோர் ஒதுங்கிவிட்டார்கள். பென்சில்வேனியாவில் திவாலாகும் நிலையில் இருந்த பாண்டம் என்ற குட்டி நிறுவனம் மட்டும் கார்ல் பிராப்ஸ்ட் என்ற பொறியாளரைக் கூப்பிட்டு வரைய வைத்து, 1940 செப்டம்பர் 23 அன்று கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. (நம் அசைன்மென்ட் மாதிரியே!) பிறகு ராணுவம் பெரிய ஆர்டரை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்துவிட்டது. வரைந்தவனுக்கு வயிறு நிறையவில்லை. போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப்கள் வந்துவிட்டன.

அந்த ஜீப்பில் கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி இருக்கும். அதற்குப் பெயர் டிரான்ஸ்ஃபர் கேஸ். என்ஜினிலிருந்து வரும் இழுவையை வாங்கி ஒரு பங்கைப் பின் சக்கரத்துக்கும் ஒரு பங்கைப் புரொப்பலர் ஷாஃப்ட் வழியாக முன் சக்கரத்துக்கும் மாற்றிக் கொடுப்பது இதன் வேலை. குட்டி கியர் ராடு இதோடுதான் இணைந்திருக்கிறது. திருத்தணிக்காரனுக்கு இந்தப் பெயர் சீக்கிரம் மனதில் நிற்கும். ஏனென்றால் எங்கள் ஊரே ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ்தான். 1911 ஏப்ரல் 1-ல் வட ஆற்காட்டிலிருந்து புதிய சித்தூர் மாவட்டத்துக்குப் போனோம். 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது சித்தூரோடு சேர்ந்து அங்கே போனோம். ம.பொ.சி.யும் மற்றவர்களும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960, அதுவும் ஏப்ரல் 1-ல்தான், சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்தோம். ஏப்ரல் ஒன்றாம் தேதிக்கும் எங்களுக்கும் என்ன உறவோ தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். வண்டி திரும்பும்போது முன் சக்கரம் போகிற வட்டம் பெரியது, பின் சக்கரம் போகிற வட்டம் சின்னது. அதனால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றக் கூடாது. இந்த வகை டிரான்ஸ்ஃபர் கேஸோ இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை, முறுக்கு உள்ளேயே ஏறிக்கொண்டு கிராஸையும் பல் சக்கரத்தையும் தின்றுவிடும். அதனால் தேவைப்படும்போது மட்டும் போடு, மற்ற நேரம் எடுத்துவிடு என்றார்கள். அது சரியான பேச்சுதான். நாம் அதைத் தேவைப்படவில்லை என்றால் மறந்துவிடு என்று எடுத்துக்கொண்டோம்.

ராணுவம் அப்படி மறக்கவில்லை. 1944-ல் வந்த ஜீப் கையேட்டைப் பார்த்தால் (டி.எம். 9-803 என்று அதற்கு எண், இணையத்தில் கிடைக்கிறது) ஓட்டுநர் என்ன பார்க்க வேண்டும் என்பதை வண்டி எடுக்கும் முன், ஓடும்போது, நிறுத்தி நிற்கும்போது, ஓட்டம் முடிந்தபின் என்று வேளை வேளையாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். பூஜை நேரம் மாதிரி. அதைச் சிப்பாய்கள் படிக்கமாட்டார்கள் என்பதும் தெரிந்திருந்தது. அதனால் வில் ஐஸ்னர் என்ற காமிக்ஸ் ஓவியரைக் கொண்டு, பராமரிப்பில் கோட்டை விடும் ஜோ டோப் என்ற மக்குச் சிப்பாயை வரைய வைத்தார்கள். கொரியப் போர் நேரத்தில், 1951 ஜூனில், பராமரிப்புக்கென்றே பி.எஸ். என்று ஒரு மாதப் பத்திரிகையும் அவர் கைவண்ணத்தில் தொடங்கியது. கிரீஸ் அடிக்கச் சொல்வதற்கு ஒரு காமிக்ஸ் பத்திரிகை! நமக்கு வந்த ஜீப்போடு இந்த ஒன்று மட்டும் வரவில்லை என்பது என் எண்ணம்.

நமக்கு ஜீப் வந்த கதை இது. இரண்டாம் உலகப் போரில் அஸ்ஸாமின் லேடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனாவுக்குப் போட்ட மலைச்சாலையில் ஜீப்களும் லாரிகளும் ஓடின. போர் முடிந்ததும் உபரி வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. 1945-ல் மஹிந்திரா அண்ட் முகம்மது என்று ஒரு நிறுவனம் தொடங்கியது. அதில் இருந்த குலாம் முகம்மது பிரிவினையின்போது பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார், பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948-ல் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என்று மாறியது. வில்லிஸ் நிறுவனத்திடமிருந்து பிரித்த நிலையில் வந்த ஜீப்களை மும்பை மசகானில் பூட்டி விற்பதுதான் ஜீப் தொழிலில் அவர்களுடைய ஆரம்ப வேலை. பிறகு 1953-ல் அமெரிக்காவில் வந்த சி.ஜே.-3பி மாடலை உரிமம் வாங்கி இங்கேயே செய்தார்கள். மூக்கு உயரமான அந்த ஜீப்பை அமெரிக்காக்காரர்கள் 1968-ல் நிறுத்திவிட்டார்கள். நாம் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் விடவில்லை.

அதே காலத்தில் இன்னொரு ஜீப் விவகாரமும் உண்டு. 1948-ல் காஷ்மீர் சண்டை நடந்துகொண்டிருந்தது. ராணுவத்துக்கு அவசரமாக ஜீப் தேவை. லண்டனில் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் வழக்கமான நடைமுறையைத் தாண்டி ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். புது ஜீப் இல்லை, பழுது பார்த்துக் கொடுக்கும் பழைய ஜீப். பணத்தில் பெரும்பகுதி முன்கூட்டியே போய்விட்டது. வந்தவை 155. வந்தவையும் ஓட்டுகிற நிலையில் இல்லை என்று ராணுவத்தில் சொல்லிவிட்டார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் என்று பொது அறிவுப் புத்தகங்களில் ஒரு வரியாக வருவது இதுதான். விசாரித்த குழுவின் தலைவர் எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர். திருப்பதியை ஒட்டிய திருச்சானூரில் பிறந்த அனந்தசயனம் அய்யங்கார், பின்னாளில் மக்களவை சபாநாயகர். கடைசியில் 1955 செப்டம்பர் 30 அன்று உள்துறை அமைச்சர் பந்த் விவகாரம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். 1956-ல் மேனன் மத்திய அமைச்சரானார்.

இதை எல்லோரும் யார் யாரிடம் பணம் வாங்கினார்கள் என்று மட்டும்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்த 155 வண்டிகள் மேல்தான் கண். வெளியில் பெயின்ட் அடித்தால் பழைய ஜீப் புது ஜீப் மாதிரிதான் இருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் பல் இருக்கிறதா இல்லையா என்று பெயின்ட் சொல்லாது. பெரியப்பா பிக்கப் வாங்கும்போது நாங்களும் அதைத்தானே செய்தோம்? பெயின்டைப் பார்த்தோம், டயரைப் பார்த்தோம், குட்டி ராடு இருக்கிறதா என்று பார்த்தோம். மண்ணில் இறக்கி அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

1952 அக்டோபர் 2-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பிறகு ஜீப் நம் கிராமங்களுக்குள் வந்தது. பி.டி.ஓ. ஜீப் வருகிறது என்றால் பையன்கள் பின்னாலேயே ஓடுவார்களாம், தாத்தா சொல்லியிருக்கிறார். தேர்தல் என்றால் கொடி கட்டிய ஜீப், போலீஸ் என்றால் ஜீப். அந்த நாளில் வண்டிக்கு ஒரு டிரைவர் இருந்தார், அவருக்கு ஒரு லாக் புக் இருந்தது. எண்ணெய் மாற்றிய தேதியும் கிரீஸ் அடித்த தேதியும் எழுதி ஆக வேண்டும். ஜோ டோப் இல்லாவிட்டாலும் ஆடிட் இருந்தது!

அதே ஜீப் ஏலத்தில் தனியார் கைக்கு வந்ததும் கதை மாறுகிறது. மெக்கானிக் தாத்தா சொன்னது இது. பெட்ரோல் விலை ஏறியதும் பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு டீசல் என்ஜினை ஏற்றினார்கள். 1980களில் மஹிந்திராவே பெஜோ டீசல் என்ஜினோடு ஜீப் விற்றது. எல்லோருக்கும் மைலேஜ்தான் பேச்சு. அப்போது பல பேர் செய்த முதல் வேலை முன் புரொப்பலர் ஷாஃப்டைக் கழற்றிக் கொட்டகையில் போட்டுவிடுவது. சுற்றுகிற இரும்பு குறைந்தால் டீசல் மிச்சம். "நான் கயட்டிப் போட்ட ஷாப்ட்ட எட போட்டிருந்தா ஒரு வூடு கட்டிருப்பேன் தம்பி" என்றார். பிறகு ஷேர் ஜீப்களாக ஓடிய கமாண்டர்களில் பெரும்பாலானவை பின் சக்கர இழுவையோடு மட்டுமே வந்தன. ஜீப் என்ற பெயர் இருந்தது, ஜீப்பைக் கண்டுபிடித்த காரணம் போய்விட்டது. தார் வண்டிக்கும் 2023 ஜனவரியில் முன் இழுவை இல்லாத மாடல் வந்துவிட்டது. விலை குறைவு. வாங்குகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, ஈ.சி.ஆரில் போக எதற்கு டிரான்ஸ்ஃபர் கேஸ்?

இனி எங்கள் வண்டிக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். குற்றவாளி இரண்டு பேர். ஒன்று ராடின் இணைப்புக் கம்பி. நாலு வருடம் அசையாமல், வாட்டர் சர்வீஸ் தண்ணீரும் மண்ணும் சேர்ந்து துருப்பிடித்திருந்தது. இன்னொன்று முன் சக்கரத்தின் நடுவில் இருக்கும் லாக்கிங் ஹப். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. போர்க்கால ஜீப்பில் இது கிடையாது. ராடை எடுத்துவிட்டாலும் முன் அச்சும் பல் சக்கரமும் சும்மா சுற்றிக்கொண்டேதான் இருக்கும். போருக்குப் பின் அமெரிக்காவில் உபரி ஜீப் வாங்கியவர்கள் ரோட்டில் ஓட்டும்போது இது வீண் சுமை என்று நினைத்தார்கள். ஆர்தர் வார்ன் என்பவர் 1948 வாக்கில் முன் சக்கரத்தை அச்சிலிருந்து பிரித்துவிடும் ஹப்பைச் செய்து விற்றார். திருகினால் சேரும், எதிர்ப்பக்கம் திருகினால் பிரியும். டீசல் மிச்சம், தேய்மானமும் மிச்சம்.

வினையும் அங்கேதான். பழைய ஜீப்பில் முன் அச்சு வெட்டியாகச் சுற்றினாலும் எண்ணெயை வாரி மேலே இருக்கும் பல், பேரிங் எல்லாவற்றுக்கும் பூசிக்கொண்டிருந்தது. ஹப்பைப் பிரித்ததும் அது அசையாமல் நின்றுவிட்டது. நின்றால் எண்ணெய் எல்லாம் அடியில் இறங்கிவிடும். மேலே இருக்கும் இரும்பு காய்ந்து, ஈரக்காற்று பட்டுத் துருப்பிடிக்கும். எண்ணெய்ச் சீல் ஒரே இடத்தில் ஒட்டிக் காயும். தேய்மானத்தை மிச்சம் பிடிக்க வைத்த சாமான்தான் சும்மா கிடந்தே தேய வழி செய்தது. எங்கள் ஹப்புக்குள் இருந்த கிரீஸ் பனைவெல்லம் மாதிரி இறுகியிருந்தது. மெக்கானிக் தாத்தா ஸ்க்ரூடிரைவரால் நோண்டி எடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

அதனால்தான் கம்பெனிகள் கையேட்டிலேயே எழுதுகிறார்கள். டொயோட்டா கையேட்டில் மாதம் 16 கிலோமீட்டராவது நாலு சக்கர இழுவையில் ஓட்டு என்று இருக்கிறது. பத்து மைல் கணக்கு. தார்ச்சாலையில் இல்லை, மண் தடத்தில்.

மற்றபடி தாத்தா எங்களிடம் சொல்லி அனுப்பியதை என் புரிதலோடு எழுதுகிறேன். டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் கிரவுன், பின் கிரவுன் மூன்றுக்கும் தனித்தனி எண்ணெய். என்ஜின் ஆயில் மாற்றும்போது இந்த மூன்றையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எந்த எண்ணெய் என்பதைக் கையேட்டில் பார்க்க வேண்டும், சில டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் கெட்டியான கியர் ஆயில், சிலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கு ஊற்றும் மெல்லிய எண்ணெய், மாற்றி ஊற்றினால் போச்சு. தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டி என்றால் திருகைக் கழற்றி எண்ணெய் நிறத்தைப் பார்க்கணும், டீ மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது. இது எங்கள் பக்கத்துக்கு முக்கியம். 2021 நவம்பரில் ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணை திறந்து கொசஸ்தலையாற்றில் வெள்ளம் வந்தபோது பள்ளிப்பட்டுப் பக்கம் தரைப்பாலங்கள் மூழ்கின. வெள்ளம் வடிந்த பிறகும் தரைப்பாலத்தில் கொஞ்ச நாள் தண்ணீர் ஓடும், வண்டிகள் அதில்தான் போய்வரும். (வெள்ளம் ஓடும்போது எந்த டிரைவும் காப்பாற்றாது, இறங்காதீர்கள்.) சூடான அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும், மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். அந்த மூச்சுக்குழாய் விரல் நீளம்தான், எங்கள் வண்டியில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது!

அப்புறம் கிராஸுக்கும் ஷாஃப்டுக்கும் கிரீஸ் கன். நாலு டயரும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம். முன்னால் புதுசு பின்னால் மொட்டை என்று போட்டால், நேராகப் போகும்போதும் வண்டி திரும்புகிற மாதிரிதான் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தெரியும்.

புது வண்டிகள் பலவற்றில் குட்டி ராடே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரிலிருந்து வடகிழக்கே, எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டியில் இசுஸு தொழிற்சாலை 2016 ஏப்ரலில் திறந்தது. அங்கே செய்கிற டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப்பில் நாலு சக்கர இழுவைக்கு ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி ஒரு திருகுதான். 2எச், 4எச், 4எல். திருகினால் மோட்டார் உள்ளே மாற்றிக்கொள்கிறது. ராடு இருந்தால் இறுகுவது கையிலாவது தெரியும். திருகு எப்போதும் வழுவழுவென்றுதான் திரும்பும், உள்ளே மோட்டார் மாட்டிக்கொண்டதை விளக்கு மினுங்கித்தான் சொல்லும். மாதம் ஒரு தரம் போடுகிற வேலை அதற்கும் உண்டு.

எங்கள் வண்டிக்கு ஹப், இணைப்புக் கம்பி, மூன்று எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து அந்த ஒரு லோடில் போனதைவிடக் குறைவாகத்தான் ஆனது. நாலு வருடமாகச் செய்திருந்தால் கிரீஸ் டப்பா விலைதான்.

மாதம் ஒரு நாள் என்று சொன்னால் பெரியப்பாவுக்கு மறந்துவிடும். முதல் தேதி என்றேன், மறந்தார். போனில் அலாரம் வைத்தேன், அணைத்துவிட்டார். கடைசியில் பெரியம்மாதான் வழி சொன்னார். திருத்தணியில் யாரும் மறக்காத நாள் ஒன்று மாதா மாதம் வருகிறதே. இப்போது கிருத்திகை அன்று காலை மலைக்குப் போய் வந்ததும் பெரியப்பா தோப்புத் தடத்தில் குட்டி ராடைப் போட்டுப் போக ஒரு முறை, வர ஒரு முறை ஓட்டுகிறார். போன கிருத்திகைக்கு நானும் கூடப் போனேன். ராடு ஒரு விரலில் வந்தது. முன் சக்கரம் மண்ணைப் பிடித்து இழுத்ததும் ஸ்டியரிங் லேசாகக் கனத்தது. "பாத்தியா, இழுக்குது" என்றார்.